வீட்டில் பாதி யாருக்கு?

புதுச்சேரியில் எங்கள் தெருவில் இரண்டு விவாகரத்துகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஒன்றில் வீட்டுக்கு மதிப்புப் போட்டார்கள். மற்றொன்றில் அந்தப் பேச்சே எழவில்லை. இதற்குக் காரணம் தேடினால் 1881-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 21-ல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி, இந்தியர்கள் தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்படித் துறந்தவர்களைத்தான் நாம் ரெனோன்சான் என்கிறோம். 1873-ல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இதில் முன்னால் நின்றவர். லப்போர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். கணவன் போட்ட கையெழுத்து மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் கட்டும். திரும்பப் பெற முடியாது.

அவர்கள் நினைத்தது சமத்துவத்தை, விவாகரத்தை அல்ல. அப்போது பிரான்சிலேயே விவாகரத்து கிடையாது. 1816-ல் எடுத்துவிட்டார்கள், 1884-ல் நாக்கே கொண்டுவந்த சட்டத்தால்தான் திரும்ப வந்தது.

1804-ல் எழுதிய அந்த சிவில் சட்டத்தில், திருமண ஒப்பந்தம் எழுதாத தம்பதிக்கு, கல்யாணத்துக்குப் பின் வாங்கிய வீடும் நிலமும் பொதுச் சொத்து. நிர்வாகம் முழுக்கக் கணவன் கையில். ஆனால் பிரியும்போது ஆளுக்குப் பாதி. கடன் அதிகமென்றால் மனைவி தன் பங்கு வேண்டாமென்று விலகலாம். ஏற்பதா விலகுவதா என்று தெரிய, சொத்துப் பட்டியலும் மதிப்பும் வேண்டும். விவாகரத்துக்குப் பின் மூன்று மாதமும் நாற்பது நாளும்தான் கெடு. அதற்குள் ஏற்காவிட்டால் விலகியதாகவே கணக்கு.

இனி எங்கள் தெரு. ஏறக்குறைய 1980. ரெனோன்சான் குடும்பத்து அக்கா ஒருவர், "தம்பி, உனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, இதைப் படி" என்று கல்யாணப் பதிவை நீட்டினார். பத்திரம் வீட்டுக்காரர் பேரில் இருந்ததால் தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தார். பதிவின் கடைசியில் ஒரு வரி: திருமண ஒப்பந்தம் எழுதப்படவில்லை. படித்துச் சொன்னதும் அக்கா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு என்ஜினீயர் நாடாவோடு வந்தார். வீட்டை வைத்துக்கொள்ளப் போகிற கணவர், "மெத்தை ஒழுகுகிறது, சுவர் விரிசல்" என்று காட்டினார். அக்கா கிணற்றையும் தெரு அகலத்தையும் காட்டினார். இழுபறிக்குப் பின் வந்த தொகையில் பாதி அக்காவுக்குப் பணமாகக் கிடைத்தது.

நான்கு வீடு தள்ளி இன்னொரு அம்மா. இந்து முறையில் கல்யாணம். நகையை விற்றுக் கொடுத்துக் கட்டிய வீடு, பத்திரம் கணவர் பேரில். 1963-ல் இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது ரெனோன்சான்களை விட்டுவிட்டார்கள். இந்த அம்மா அதற்குள் வந்தவர். அதில் கணவன் மனைவி பொதுச் சொத்து என்ற ஏற்பாடு இல்லை. கல்யாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருளைப் பற்றி மட்டும் 27-ஆம் பிரிவு பேசுகிறது. அதனால் என்ஜினீயர் வரவில்லை. ஜீவனாம்ச மனு ஒன்றுதான் நான் எழுதிக் கொடுக்க முடிந்தது.

இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். ஒருத்திக்குப் பாதி வீடு கிடைத்தது, என்றோ ஒரு பாட்டனார் போட்ட கையெழுத்தால்.

ரெனோன்சான் குடும்பத்து வாசகர்களே, பெட்டியில் பாட்டி காலத்துக் கல்யாணப் பதிவு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கடைசி வரியைப் படித்துப் பாருங்கள்.