மழையை அளந்தோர்

ஆறுகள் அனைத்தும் கடலை நோக்கியே ஓடுகின்றன. நேற்றும் ஓடின, இன்றும் ஓடுகின்றன, நாளையும் ஓடும். ஆயினும் கடல் நிரம்பி வழிந்ததில்லை. மலையிலே பிறக்கும் ஊற்றோ, இரவு பகல் பாராது நீரைச் சொரிந்தும் தீர்ந்து போனதில்லை. கடல் ஏன் நிரம்பவில்லை? ஊற்று ஏன் தீரவில்லை? இவ்விரு வினாக்களுக்கும் ஐயத்திற்கிடமற்ற விடை காண மனித குலம் எடுத்துக்கொண்ட காலம் ஈராயிரம் ஆண்டுகள்!

இன்று தொடக்கப் பள்ளியிலே பயிலும் சிறுமி ஒரே மூச்சில் விடை கூறிவிடுவாள்: கடல் நீர் கதிரவன் வெப்பத்தால் ஆவியாகிறது, ஆவி குளிர்ந்து முகிலாகிறது, முகில் மழையாகிறது, மழை ஆறாகிக் கடல் சேர்கிறது என்று. அந்த உண்மையை உலகுக்கு வழங்கியவர் யார்? அரசரா? ஆசாரியரா? அருள்வாக்கு உரைத்தவரா? அல்லர். பானை வனைந்த ஒருவர், பதவி இழந்த வரி அதிகாரி ஒருவர், தட்டிலே உப்பு நீர் ஊற்றி எடை போட்ட வானநூல் வல்லார் ஒருவர், நெசவாளி மகன் ஒருவர்! இவர்களுடைய வரலாறு, பகுத்தறிவுப் பாதையில் நடப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

ஏட்டறிவும் பட்டறிவும்

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், நீர் ஆவியாகி மேலெழுவதையும் மழையாகத் திரும்புவதையும் அறிந்தேயிருந்தார். ஆனால், ஆறுகளிலே ஓடும் அத்தனை நீரும் மழை தந்ததே என்று கூற அவர் மனம் ஒப்பவில்லை. நிலத்தடியிலும் குளிர்ச்சியினால் காற்று நீராக மாறி ஊற்றெனப் பெருகுகிறது என்றார். உரோம நாட்டுச் செனெகா, மழை நீர் மண்ணுக்குள் பத்தடிக்குக் கீழே இறங்குவதில்லை என்று தீர்ப்பளித்தார். வேறு சிலர், கடல் நீரே நிலத்தடிச் சுரங்கங்கள் வழியாக மலை உச்சிக்கு ஏறுகிறது என்றனர். ஒருவர் சொன்னதை மற்றொருவர் எழுதினார். எழுதியதை மாணவர் மனப்பாடம் செய்தனர். மழை போதாது, போதாது என்று நூற்றாண்டுக் கணக்கில் முழங்கினரே, அந்த மழை எவ்வளவு என்று ஒரு கலத்தை வெளியே வைத்து, ஆற்று நீரோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர்களில் எவருமிலர்!

நம் முன்னோரும் இதனைச் சிந்தித்தனர். வான் கொண்டதைத் திருப்பித் தராவிடில் கடலும் வளம் குன்றும் என்ற கருத்து வள்ளுவரின் வான்சிறப்பு அதிகாரத்திலே உண்டு. முகில் முகந்த நீர் மலையில் பொழிவதையும், மலையில் பொழிந்த நீர் கடலில் பரவுவதையும், புகார்த் துறைமுகத்தில் ஏறி இறங்கும் பண்டங்களுக்கு உவமையாக்கிக் காட்டுகிறது பட்டினப்பாலை. பெருமைக்குரிய செய்திதான். எனினும், கண்டு உரைப்பது ஒன்று. கணக்கிட்டு மெய்ப்பிப்பது மற்றொன்று. மேலே சென்றது எவ்வளவு, கீழே வந்தது எவ்வளவு என்ற கேள்வி அங்கே எழவில்லை. பழம்பெருமை நமக்கு ஊன்றுகோலாகட்டும், தலையணையாகிவிட வேண்டாம்.

பிரான்சு நாட்டிலே பெர்னார்டு பாலிசி என்றொரு மண்பாண்டத் தொழிலாளி இருந்தார். கிரேக்கமும் இலத்தீனும் அறியாதவர். பாண்டத்திற்கு வெண்ணிற மெருகு ஏற்றும் வழியைக் காணப் பல்லாண்டு பாடுபட்டவர். சூளைக்கு விறகு தீர்ந்தபோது வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களையே உடைத்து எரித்தவர். அவர் 1575ஆம் ஆண்டு பாரிசு நகரில் இயற்கையைப் பற்றிச் சொற்பொழிவாற்றத் தொடங்கினார். கட்டணம் உண்டு, ஆனால், தாம் கூறுவதில் பொய் இருப்பதாக மெய்ப்பித்தால் கட்டணத்தை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அறிவித்தார்! மருத்துவர்களும் பெரும் படிப்பாளிகளும் வந்தமர்ந்து கேட்டனர்.

1580இல் அவர் வெளியிட்ட நூல் இருவர் உரையாடலாக அமைந்தது. ஒருவர் பெயர் ஏட்டறிவு. மற்றவர் பெயர் பட்டறிவு. ஏட்டறிவு பழம் நூல்களைக் காட்டி வாதிடும். பட்டறிவு மண்ணையும் மலையையும் காட்டி மறுக்கும். ஊற்று நீர் கடலிலிருந்து வருகிறதென்றால், அது ஏன் கரிக்கவில்லை? கடல் வற்றாதபோது ஊற்று மட்டும் கோடையில் வற்றுவானேன்? மலையுச்சிக்கு நீரைத் தள்ள வேண்டுமானால், கடல் மலையினும் உயரத்தில் இருக்க வேண்டாமோ? மழையே ஊற்றுக்குத் தாய், வேறு தாய் இல்லை என்று உறுதிபட உரைத்தார் அத்தொழிலாளி.

சீர்திருத்தக் கிறித்தவ நெறியைக் கைவிட மறுத்ததால் 1588இல் சிறைப்பட்ட பாலிசி, முதுமையிலே பாஸ்டில் சிறையிலேயே மாண்டார். அவர் சொல்லை ஏட்டுலகம் செவிமடுக்கவில்லை. 85 ஆண்டுகளுக்குப் பின்னரும், 1665இல், கிர்ச்சர் என்னும் பாதிரியார், கடல் நீர் மலைகளின் வயிற்றுக்குள் ஏறுவதாக அழகழகான படங்கள் வரைந்து பெருநூல் வெளியிட்டார். குயவர் கேட்ட வினாவைவிடப் பாதிரியார் தீட்டிய படம் பெரிதாகத் தோன்றிய காலம் அது!

கணக்குப் பேசியது

வினாவால் வீழாத கோட்டையைக் கணக்கு வீழ்த்தியது. பியர் பெரோ என்பவர் பாரிசு நகர வருவாய்த் துறையில் பதவி வகித்து, அதனை இழந்தவர். சிண்டரெல்லா கதையை எழுதிய சார்லஸ் பெரோ இவருடைய தம்பி. தம்பி கற்பனையிலே தேர் செய்தார்; அண்ணன் ஆற்றுக்குக் கணக்கெழுதினார்!

செயின் ஆறு பிறக்குமிடத்திலிருந்து மூன்று லீக் நீளமும் இரண்டு லீக் அகலமும் உள்ள நிலப்பரப்பை அவர் எடுத்துக்கொண்டார். ஆண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 19 அங்குல மழை, அதாவது இன்றைய அளவில் சுமார் 52 செண்டிமீட்டர், என்று மூன்றாண்டு அளவீட்டிலே கண்டிருந்தார். அப்பரப்பின் மீது ஓராண்டில் விழும் மழை, மூயி என்னும் பிரெஞ்சுப் பீப்பாய் அளவையில் 22 கோடியே 48 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டில் அங்கிருந்து ஆறு சுமந்து செல்லும் நீரோ 3 கோடியே 64 லட்சம். மழையில் ஆறில் ஒரு பங்கே ஆற்றுக்குப் போதும்! மழை போதாது என்று ஈராயிரம் ஆண்டு ஓதிய வாய்களை, 1674இல் வெளிவந்த இச்சிறு கணக்கு அடைத்தது. எட்மே மாரியோட் என்ற மற்றொரு பிரெஞ்சு அறிஞர், பாரிசு நகரிலேயே செயின் ஆற்றின் மீது மிதவையை விட்டு வேகம் கண்டு, கணக்கிட்டுப் பார்த்தார். அங்கும் மழையே மிகுதியாக நின்றது.

ஊற்று தீராததன் காரணம் விளங்கிற்று. கடல் நிரம்பாததன் காரணம்? அதற்கு விடை தந்தவர், வால்மீனுக்குப் பெயர் தந்த எட்மண்டு ஹாலி.

ஏறத்தாழ 8 அங்குலக் குறுக்களவும் 4 அங்குல ஆழமும் கொண்ட ஒரு தட்டு; கடல் நீரின் அளவுக்கு உப்புக் கரைத்த நீர்; கோடைக் காற்றின் வெப்பத்திற்கு அதனைச் சூடேற்றச் சிறிது கரி நெருப்பு; ஒரு வெப்பமானி; ஒரு தராசு. அவ்வளவே ஹாலியின் ஆய்வுக்கூடம்! இரண்டு மணி நேரத்தில் தட்டின் எடை அரை அவுன்சுக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்தது. கண்ணுக்குத் தெரியும் புகை எழவில்லை. ஆனால் நீர் போய்விட்டிருந்தது. தராசு பொய் சொல்லாது.

அதைக் கொண்டு, கோடை நாள் ஒன்றில் கடல் மேற்பரப்பில் பத்தில் ஒரு அங்குல நீர் ஆவியாகிறது என்று கொண்டார். மத்தியதரைக் கடல் முழுமைக்கும் பெருக்கினார். நாளொன்றுக்கு 528 கோடி டன்! அக்கடலில் விழும் பேராறுகள் ஒன்பதையும், ஒவ்வொன்றும் தேம்சு ஆற்றைப்போல் பத்து மடங்கு என்று தாராளமாகவே மதிப்பிட்டும், வரவு 182 கோடியே 70 லட்சம் டன்னைத் தாண்டவில்லை. செலவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். கடல் எங்கே நிரம்புவது? 1687இல் இந்தக் கணக்கு அச்சேறியது. துல்லியமான கணக்கன்று, அவர் தாமே மதிப்பீடு என்றுதான் பெயரிட்டார். ஆனால் திசை சரியான திசை.

கண்ணுக்குத் தெரியாத நீர்

காற்றிலே சென்ற நீர் கண்ணுக்குத் தெரியாதபோது, அது அங்கேதான் இருக்கிறது என்பதற்குச் சான்று என்ன? மான்பெலியே நகர மருத்துவர் சார்லஸ் லெ ராய், 1751இல், ஈரக் காற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மூடினார். கலம் குளிர்ந்தபோது உட்புறம் பனித்துளி பூத்தது; வெதும்பியபோது துளி மறைந்தது. உள்ளே புகுந்தது எதுவுமில்லை; வெளியேறியதும் எதுவுமில்லை. மறைவதும் தோன்றுவதும் அதே நீர்!

இச்சோதனையை நாமும் செய்யலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் பனிக்கட்டியும் நீரும் இட்டு, சிறிது நீல மையும் கலந்து வைப்போம். சற்று நேரத்தில் தம்ளரின் வெளிப்புறம் வியர்க்கும். உள்ளிருந்து கசிந்ததென்று வாதிடுவோர் உண்டு. வெண்துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்வோம்; துணியில் நீலம் இராது. தராசில் வைத்தால், வியர்க்க வியர்க்கத் தம்ளரின் எடை ஏறும். நம்மைச் சுற்றியுள்ள காற்றே அந்நீரைத் தந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நெசவாளி ஒருவரின் மகனாக 1766இல் பிறந்த ஜான் டால்டன் மேலும் சென்றார். நீராவி காற்றிலே உப்பெனக் கரைவதில்லை. தானும் ஒரு வளியாக இருந்து, வெப்பத்திற்கேற்ற அழுத்தம் கொள்கிறது என்று காட்டினார். தோழர் ஒருவருடன், பத்தங்குல அகலமும் மூன்றடி ஆழமும் கொண்ட தகரக் கலத்தில் மண் நிரப்பிப் புதைத்து, பெய்த மழையில் எவ்வளவு வடிகிறது, எவ்வளவு ஆவியாகிறது என்று மூன்றாண்டுகள் அளந்தார். 1799இல் இங்கிலாந்து, வேல்சு முழுமைக்கும் வரவு செலவுக் கணக்கு எழுதினார்: மழையும் பனியுமாக வரவு 36 அங்குலம், ஆறுகள் வழியே செலவு 13 அங்குலம், எஞ்சியது ஆவி. 1787இல் தொடங்கிய வானிலைக் குறிப்பேட்டை, 1844இல் மறையும் வரை 57 ஆண்டுகள் நாள் தவறாது எழுதினார். இதுவன்றோ நோன்பு!

ஆவி முகிலாவதற்கு வெறும் குளிர்ச்சி போதுமா? போதாதென்று காட்டினார் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன். 1880இல், இரு கண்ணாடிக் கலங்களை எடுத்தார். ஒன்றில் சாதாரணக் காற்று. மற்றதில் பஞ்சினால் வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதற் கலத்திலே வெண்முகில் திரண்டது. இரண்டாவது கலம் தெளிவாகவே நின்றது. நீராவி துளியாகத் திரள, பற்றி நிற்க ஒரு துகள் வேண்டும். தூசியின்றி முகில் இல்லை! இதற்கும் எளிய சோதனை உண்டு. பிளாஸ்டிக் புட்டியில் சிறிது வெந்நீர் விட்டு, ஊதுவத்திப் புகையைச் சற்றே உள்ளே செலுத்தி, மூடி, அழுத்திப் பிடித்துச் சட்டென விடுவோம். காற்று விரிந்து குளிர, உள்ளே முகில் தோன்றும். மறுபடி அழுத்தினால் மறையும். ஊதுவத்தியால் அறிவுக்கும் பயனுண்டு என்பது அப்போது விளங்கும்!

நமது கூரை, நமது கணக்கு

இவ்வளவும் பழங்கதையா? 2019ஆம் ஆண்டுக் கோடையிலே சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்தன. தாய்மார்கள் குடங்களோடு இரவெல்லாம் லாரிக்குக் காத்திருந்தனர். அப்போது கோயில்களிலே மழை வேண்டி வேள்விகள் நடத்தப்பட்டன. அதே சென்னை, 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னை! பெய்தபோது அளக்கவுமில்லை, தேக்கவுமில்லை, வறண்டபோது வேண்டுதல். குறை வானத்திலா, நம்மிலா?

பெரோவின் கணக்கை நம் கூரையின் மீது போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 140 செண்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. பெரோ அளந்த மழையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். 100 சதுர மீட்டர்க் கூரை மீது விழுவது 1,40,000 லிட்டர்! மணலும் கல்லும் பரப்பி மழை நீரை வடிகட்டிச் சேமிக்கும் முறையைப் பாலிசி அன்றே தம் நூலில் விளக்கினார். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் உண்டு, குழாயும் பல வீடுகளில் உண்டு, அது தூர்ந்து கிடக்கிறதா, நீரை மண்ணுக்கு அனுப்புகிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

இளந்தோழர்களே! படிப்பகம் தோறும் ஒரு மழைமானி வைப்போம். வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள கலமும் ஓர் அளவுகோலும் போதும். பெய்யும் நாளெல்லாம் அளந்து, சுவரிலே எழுதி வைப்போம். ஊரார் கேட்பர், விளக்குவோம். ஐயுறுவோர் தாமே அளந்து பார்க்கட்டும். மழையை வேண்டி நின்ற கைகள் வெறுங்கைகளாகவே திரும்பின. அளந்த கைகளே ஆற்றின் பிறப்பைக் கண்டறிந்தன. நம் கைகள் எந்தக் கைகள்?