வலி தெரியாத கால்கள்

"புண்தான், ஆனால் நோகவில்லை." நீரிழிவு உள்ளவர்கள் தமது கால்களைப் பற்றி இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆறுதலாகச் சொல்லப்படும் இவ்வார்த்தைதான் உண்மையில் அபாய அறிவிப்பு. இதனை மருத்துவ உலகு உணர்ந்த வரலாற்றின் ஒரு முக்கிய பகுதி தமிழ் நிலத்தில் நிகழ்ந்தது என்பதைப் பலர் அறியார்.

போல் பிராண்ட் 1914 இல் கொல்லிமலையில் ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் சத்திரசிகிச்சை பயின்று, 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் பாதங்கள் நோயினால் தாமாகவே அழுகுகின்றன என்பதே அக்காலத்து நம்பிக்கை. பிராண்டும் அவரது சகாக்களும் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி மறைகிறது, வலி மறைந்தவர் ஆணி குத்திய காலோடும் நடந்துகொண்டே இருக்கிறார். பாதத்தை அழித்தது கவனிக்கப்படாத காயமே. எனவே மருந்தோடு, மென்மையான ரப்பர் அடி வைத்த செருப்பும் அங்கு சிகிச்சையாயிற்று.

1966 இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே நீரிழிவு நோயாளரின் பாதப் புண்களிலும் அதே கதையைக் கண்டார். 1922 இல் பயன்பாட்டுக்கு வந்த இன்சுலின் அவர்களை நீண்டகாலம் வாழவைத்திருந்தது. ஆனால் பல்லாண்டுகளாக இரத்தத்தில் மிகுந்திருந்த சர்க்கரை நரம்புகளைக் கெடுத்திருந்தது. இரத்தோட்டமும் குறைந்தவர்களுக்குப் புண் இலகுவில் ஆறவில்லை.

பாதத்தின் எவ்விடத்தில் அழுத்தம் மிகுகிறது என்பதை அறிய, நுண்ணிய சாயக் குமிழிகள் பதித்த காலுறையை அணிந்து நடக்கச் செய்தனர். அழுத்தம் கூடிய இடத்தில் குமிழி உடைந்து நிறம் காட்டியது. கால் சொல்ல மறந்ததைக் காலுறை சொன்னது. 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையால் பாத உணர்வைச் சோதிக்கும் இன்றைய முறைக்கும் கார்வில் ஆய்வுகள் வலுச் சேர்த்தன.

எங்கள் ஊரில் மேஸ் என்று அழைக்கப்படும் சாதாரண காலுறையும் இந்தப் பணியைச் செய்யக்கூடும். வெள்ளை அல்லது வெளிர்நிறக் காலுறையில் இரத்தமோ சீழோ பட்டால் உடனே தெரியும். மேல்விளிம்பு காலை இறுக்கக் கூடாது, விரல்களின் மேல் தடித்த தையல் இருக்கக் கூடாது, வியர்வையை வெளியேற்றும் துணியாக இருக்கவேண்டும், நாளும் மாற்றவேண்டும். சப்பாத்தை அணியுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். விரலிடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். கோயில் வீதியின் சுடுமணலும், குளிர்நாட்டு வீட்டின் வெப்பமூட்டியும் உணர்விழந்த பாதத்தை ஒரேவிதமாகவே சுடும். சிறு புண்ணாயினும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

2003 இல் காலமான பிராண்ட், வலியை மனிதனுக்குக் கிடைத்த கொடையாகவே கருதினார். அக்கொடையை இழந்தவர்களுக்குக் கண்களே துணை. ஒவ்வோர் இரவும் காலுறையைக் கழற்றியதும் அதனையும் பாதத்தையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அல்லது வீட்டிலுள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நோகும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நோவு வராமலே போகலாம்.