வட்டக்கோட்டை மீனும் அலெக்சாந்திரியா நெருப்பும்

கன்னியாகுமரிக்கு அருகே கடலோரம் நிற்கும் வட்டக்கோட்டையில் மீன் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சுட்டி, இது பாண்டியர் கோட்டை என்று சொல்வாருண்டு. குளச்சல் போரில் 1741இல் சிறைப்பட்டு, பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவராக உயர்ந்த டிலனாயின் மேற்பார்வையில் இக்கோட்டை உருப்பெற்றது என்பது திருவிதாங்கூர் வரலாறு. மீன் செதுக்கிய கல், மதிலின் வயதைத் தானே கூறிவிடாது. பழைய கல்லைப் புதிய சுவரில் வைத்துக் கட்டுவதும் உண்டு; அழகுக்காக மீனைச் செதுக்குவதும் உண்டு.

இக்கதையால் எவருக்கும் தீங்கில்லை. ஆயின், ஒரு சமுதாயத்தின் மீது பழியாய் விழும் கதைகளும் இவ்வாறே சான்றின்றிப் பரவுகின்றன. அலெக்சாந்திரியா நூலகத்தைக் கலீஃபா உமர் (ரலி) எரிக்கச் செய்தார் என்பது அத்தகைய கதை. அந்நகர் முஸ்லிம்கள் வசமானது 642இல். இக்கதையோ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்துல் லத்தீஃப் அல்பக்தாதியின் எழுத்தில்தான் தலைகாட்டுகிறது. இப்னுல் கிஃப்தி அதை விரித்தெழுதினார். சிரியக் கிறித்தவ அறிஞர் பார் ஹெப்ரேயஸ் அதனைத் தம் வரலாற்றில் சேர்த்தார். ஆக்ஸ்ஃபோர்டின் அரபுப் பேராசிரியர் போக்காக், 1663இல் அந்நூலை இலத்தீன் மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, கதை ஐரோப்பா எங்கும் பரவிற்று.

மறுப்பும் நூல்களின் துணைகொண்டே எழுந்தது. அலிகர் கல்லூரி ஆசிரியர் ஷிப்லி நுஃமானி உருதுவில் இதனை ஆராய்ந்து மறுத்தார். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பட்லர், 1902இல் வெளியிட்ட நூலில் ஆதாரங்களை நிரல்படுத்தினார். எகிப்தின் வெற்றியை அக்காலத்திலேயே எழுதிய நிக்கியு ஆயர் யோவானிடம் இச்செய்தி இல்லை. 9ஆம் நூற்றாண்டின் பலாதுரியிடமும் இல்லை. நூல்களைத் தமக்குத் தருமாறு வேண்டியதாகக் கதை கூறும் யஹ்யா அந்நஹ்வியோ, 6ஆம் நூற்றாண்டிலேயே வாழ்ந்து மறைந்தவர்.

இங்கு நாம் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. பொய்யைச் சுமந்த நூல்களையும் நூலகங்கள் காத்து வைத்திருந்தன. அவற்றை அழித்திருப்பின், கதை எப்போது பிறந்தது, எவர் வழியே வந்தது என்பதை இன்று நிறுவ இயலாது. ஹதீஸ் கலை வல்லோர், பலவீனமான அறிவிப்புகளையும் அவற்றின் அறிவிப்பாளர் வரிசையுடன் பதிந்து வைத்ததன் பயனும் இதுவே. பல்கலைக்கழக நூலகம் நமக்குச் செய்யும் பேருதவி, தீர்ப்பு வழங்குவதன்று. ஒவ்வொரு கூற்றுக்கும் அதன் காலத்தையும் மூலத்தையும் காட்டுவதாகும்.

வட்டக்கோட்டைக்கும் இதுவே வழி. குளச்சல் போர் நடந்து இரண்டே ஆண்டுகளில், 1743இல், டச்சு அதிகாரி கொலனெஸ் எழுதிய குறிப்பேடு 1911இல் சென்னையில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. நாகம் ஐயா தொகுத்த திருவிதாங்கூர் கையேடு 1906இல் வெளிவந்தது. தோற்றவர் ஏட்டையும் வென்றவர் வரலாற்றையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பை நாஞ்சில் நாட்டு மாணவருக்கு நம் பல்கலைக்கழகங்கள் அளித்தல் வேண்டும்.

கைபேசியில் வரும் அவதூறுக்குச் சான்று கேட்கும் நாம், நம் ஊர்ப் பெருமைகளுக்கும் குடும்பப் பழங்கதைகளுக்கும் அதே சான்றைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். உமர் (ரலி) அவர்கள் பொருட்டு நாம் கேட்ட நீதி, நமக்கு இனிக்கும் கதைகளின் முன் தளர்ந்துவிடலாகாது.