வலிப்பும் விஞ்ஞானமும் சமுதாயமும்

மனிதகுலத்தை வருத்தும் நோய்களுள் வலிப்பைப்போல் அச்சத்துக்கும் பழிச்சொல்லுக்கும் இலக்கானவை வெகு சிலவே. பண்டைக் கிரேக்கத்தில் இதற்குத் ‘தெய்விக நோய்’ என்றே பெயர். ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன், ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலொன்று அப்பெயரை மறுத்தது. ஏனைய நோய்களினும் இது கூடுதலாகத் தெய்விகமானதன்று. இதன் பிறப்பிடம் மூளையே என்று அது வாதித்தது. தம் அறியாமையை மறைக்கவே மந்திரவாதிகள் தெய்வத்தைத் துணைக்கழைக்கின்றனர் என்றும் சாடியது. ஆயினும் இவ்வுண்மை நிலைபெற இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

மூளையில் எவ்விடம் என்பதே அடுத்த கேள்வி. பொட்டுக்கு நேரே, மூளையின் உட்புறத்தில், கடற்குதிரைபோல் வளைந்து கிடக்கும் பகுதி ஹிப்போகாம்பஸ். வலிப்பினால் துன்புற்று இறந்தோர் சிலரில் இப்பகுதி இறுகிக் கிடந்ததைப் பாரிஸ் நகர வைத்தியர்களான பூஷேயும் கசோவியேயும் 1825-ம் ஆண்டிலேயே குறித்தனர். 1880-ல் ஜேர்மனிய வைத்தியர் சொம்மர் 90 நோயாளரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து இத்தொடர்பை வலியுறுத்தினார். இதற்கிடையில், 1873-ல், இலண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் சாம்பல்நிறப் பொருளில் திடீரென மிகையாக எழும் பாய்ச்சலே வலிப்பு என விளக்கியிருந்தார். பேயும் பிசாசும் விஞ்ஞானத்தின் எல்லையிலிருந்து இவ்வாறு வெளியேறின.

ஆனால், ‘நோய்க்கு ஓர் இடம் உண்டு, அவ்விடத்தை வெட்டி அகற்றினால் நோய் அகலும்’ என்ற எளிய முடிவுக்கு ஒரு மனிதர் பெருவிலை கொடுக்க நேர்ந்தது. 1953-ல் அமெரிக்காவில், 27 வயதான ஹென்றி மொலைசனின் ஹிப்போகாம்பஸை இருபுறமும் பெரும்பாலும் அகற்றினார் ஸ்கோவில் என்ற சத்திரவைத்தியர். வலிப்புக் குறைந்தது. ஆனால், புதிய அனுபவங்களை நினைவிற் பதிக்கும் ஆற்றலும் போய்விட்டது. 2008-ல் இறக்கும்வரை அவர் அந்நிலையிலேயே வாழ்ந்தார். ஞாபகசக்தி பற்றிய நமது அறிவில் ஒரு பெரும்பகுதி அம்மனிதரின் இழப்பிலிருந்து பெறப்பட்டதாகும்.

மூளையின் பகுதிகள் தனித்தனித் தீவுகளல்ல. அதன் அடியாழத்தில் ‘பேசல் கங்கிலியா’ எனப்படும் நரம்பணுத் திரள்கள் உள்ளன. உடலசைவை ஒழுங்குபடுத்துவனவாகவே இவை நெடுங்காலம் கருதப்பட்டன. 1982-ல் அமெரிக்க ஆய்வாளரான இயடரோலாவும் கேலும் இத்திரள்களுள் ஒன்றான ‘சப்ஸ்ரான்சியா நைக்ரா’ என்னும் கருநிறப் பகுதியில், நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற இரசாயனப் பொருளின் செயலை மிகுவித்தபோது எலிகளில் வலிப்புத் தடைப்படக் கண்டனர். இத்தாலியின் பலெர்மோ நகர ஆய்வாளர் பூனைகளில் வேறொரு திரளான கோடேற்றை மின்சாரத்தால் தூண்டி, ஹிப்போகாம்பஸில் எழுந்த வலிப்பலைகள் தணிவதைக் கண்டனர். திபிலீசி நகரின் செங்கெலி என்பவர், நோயாளரிலும் மெதுவான தூண்டுதல் வலிப்பலையைத் தணித்ததாக 1997-ல் எழுதினார். விரைவான தூண்டுதலோ அதை வளர்த்தது. ஆகவே இத்திரள்களை வெறுந் தடைக்கட்டை எனக் கொள்வது பொருந்தாது. தலமஸ் முதலிய இடைநிலையங்களின் ஊடாக இவை தொலைவிலுள்ள பகுதிகளின் கொந்தளிப்பைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன. பகுதியை மட்டும் நோக்காது, பகுதிகளுக்கிடையிலான உறவையும் நோக்க வேண்டும் என்பதே இவ்வாய்வுகள் தரும் பாடம்.

விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்தது, சமுதாயம் வந்ததா? 1933-ல் ஹிட்லரின் ஆட்சி இயற்றிய சட்டம், பரம்பரை வலிப்பு உடையோரைக் கட்டாயமாக மலடாக்க வழிசெய்தது. தெய்வத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவன், இப்போது விஞ்ஞானத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டான்! இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக 1976-ல் சேர்க்கப்பட்டு, 1999-ல்தான் நீக்கப்பட்டது.

உலகில் சுமார் 5 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களுள் ஏறக்குறைய 80 சதவீதத்தினர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். உரிய மருத்துவம் கிடைத்தால் 70 சதவீதத்தினர் வரை வலிப்பின்றி வாழலாம். ஆயினும் வறிய நாடுகளின் நோயாளருள் நான்கில் மூவருக்கு அது கிட்டுவதில்லை. பீனோபார்பிற்றோன் வலிப்பை அடக்கும் என்று ஹவுப்ட்மன் கண்டது 1912-ல். அது மிக மலிவான மருந்து. நூற்றாண்டு கடந்தும் அது ஏழையின் குடிசையை எட்டவில்லையெனில், குறை மருந்தில் இல்லை; மருந்தை யாருக்கு, எந்த விலையில் வழங்குவது என்று தீர்மானிக்கும் அமைப்பிலேயே இருக்கிறது.

மூளையின் ஆழத்தை அளந்த மனிதன் இக்குறையையும் அளந்தறிய வேண்டும். அதுவரை வலிப்பின் வரலாறு முற்றுப்பெறாது.