சிடி டிரைவும் லினக்ஸும் நம்ம எல்லைப்புறமும்

இப்போது கடையில் வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவ் கிடையாது. ஆனால் நம் வீட்டு அலமாரிகளில் கல்யாண சிடி, காதுகுத்து சிடி, பாட்டி பேசியதைப் பதிந்த சிடி என்று ஒரு அடுக்கு தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கலாம் என்று பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பை எடுத்து, யாரோ சொன்னார்கள் என்று லினக்ஸ் போட்டு, தட்டில் சிடியை வைத்தால்... ஒன்றும் வராது. உடனே "டிரைவ் போச்சு" என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். பல சமயம் டிரைவ் மேல் தப்பே இருக்காது. நான் பேங்க்காரன். கேஷ் டேலி ஆகவில்லை என்றால் முதலில் லெட்ஜரைப் பார்ப்போம், கேஷியரைப் பிடிக்க மாட்டோம். இதுவும் அப்படித்தான். (பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

லினக்ஸ் மலையேறிய கதை

1956 நவம்பர் 1-ல் கேரளா பிறந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகாக்கள் கேரளாவோடு நின்றுவிட்டன. பாலக்காடு மாவட்டம் 1957-ல் வந்தது, இடுக்கி 1972-ல் வந்தது. மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியார், இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம்... இங்கெல்லாம் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. ஆனால் பாடத்திட்டம் திருவனந்தபுரத்தில் இருந்து வரும்.

அந்தத் திருவனந்தபுரம் 2001-ல் இரண்டு காரியங்களைப் பார்த்தது. ஒன்று, பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கல்வி கொண்டுவந்த 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம். இன்னொன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கிவைத்த இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை. முதலில் விண்டோஸை வைத்துத்தான் பாடம் நடந்தது. ஒரு கம்பெனியின் பொருளை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. படிப்படியாக லினக்ஸ் நுழைந்து, 2007-08 வாக்கில் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வே முழுக்க லினக்ஸில் நடந்தது. ஐ.டி. புத்தகம் தமிழிலும் அச்சாகி வந்தது. மலை இறங்கிப் போடி, கம்பம் போனால் விண்டோஸ், மேலே ஏறினால் லினக்ஸ்! எல்லைக்கோடு கம்ப்யூட்டருக்குள்ளும் விழுந்த காலம் அது.

இதெல்லாம் வந்து சேர்ந்தது சிடியில்தான். ஒரு கணக்கு போடுங்கள். ஒரு சிடி 700 எம்.பி. டயல்-அப் மோடம் முழு வேகத்தில், அதாவது 56 கிலோபிட்டில் ஓடினாலும் இறக்க 28 மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் மலையில் கரண்டும் போனும் 28 மணி நேரம் நிற்குமா என்ன? அதனால் 'பிசி குவெஸ்ட்', 2003-ல் தொடங்கிய 'லினக்ஸ் ஃபார் யூ' மாதிரிப் பத்திரிகைகளோடு வந்த சிடிகள் கை மாறின. உபுண்டுவை 2011 வரை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய இலவச சிடியைச் சென்னையில் வெளியிட்டது. சிடி டிரைவ் படுத்தால் எல்லாம் படுத்துவிடும் என்ற நிலைமை.

பெயர் மாறிய டிரைவ்

அந்தக் காலத்து லினக்ஸில் சிடி டிரைவுக்குப் பெரும்பாலும் 'எச்டிசி' என்று பெயர். 2.4 கெர்னலில் சிடி எழுத வேண்டுமானால் சாதாரண ஐடிஈ டிரைவை 'ஸ்கஸி' டிரைவ் மாதிரி வேஷம் கட்டவைக்க வேண்டும். 2003 டிசம்பரில் 2.6 வந்ததும் அந்த வேஷம் தேவையில்லாமல் போனது. 2007 வாக்கில் உபுண்டு, ஃபெடோரா எல்லாம் புதிய டிரைவர் முறைக்கு மாற, டிரைவின் பெயர் 'எஸ்ஆர்0' ஆகிவிட்டது. ஆனால் எந்த டிரைவை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதிவைத்த 'எஃப்ஸ்டேப்' கோப்பில் பழைய பெயரே இருக்கும். கணினி இல்லாத ஆளைத் தேடிவிட்டு "அப்படி ஒரு சாதனம் இல்லை" என்று சொல்லும். நாம் டிரைவைக் கழற்றுவோம்!

ஆகவே முதல் வேலை, கெர்னல் எழுதிவைக்கும் டைரியைப் படிப்பது. 'டிமெசேஜ்' கட்டளை கொடுத்தால் வரும். அதில் எஸ்ஆர்0 என்ற பெயரே இல்லையா? பயாஸிலும் டிரைவ் தெரியவில்லையா? அப்படியானால் இணைப்புக் கோளாறாக இருக்கலாம். பல லேப்டாப்களில் அடியில் ஒரே ஒரு திருகுதான். பேட்டரியை எடுத்துவிட்டு, அதைக் கழற்றி, டிரைவை வெளியே இழுத்து மறுபடி அழுத்திச் செருகினால் பாதிப் பிரச்னை தீரும். பெயர் இருக்கிறது, ஆனால் 'மீடியம் எரர்' என்று வரிசையாக வருகிறதா? அப்போது கோளாறு வட்டிலோ லென்ஸிலோ இருக்கிறது.

ஒரு டிரைவ், இரண்டு கண்

டிவிடி டிரைவ் சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசரில், டிவிடியைப் படிப்பது 650-ல். ஒன்று மங்கினாலும் இன்னொன்று வேலை செய்யும். அதனால் கம்பெனியில் அச்சிட்ட சிடி, வீட்டில் எழுதிய சிடி, டிவிடி என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள். டிவிடி ஓடி சிடி மட்டும் ஓடவில்லை என்றால் ஒரு கண் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். அச்சு சிடி ஓடி வீட்டு சிடி மட்டும் ஓடவில்லை என்றால் வட்டின் சாயம் மங்கியிருக்கலாம். லேப்டாப் டிரைவில் தட்டோடு லென்ஸும் வெளியே வந்துவிடுவதால் தூசியும் ஈரமும் நேராக அதன்மேல் படியும். குளிரில் இருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் உடனே சிடி போடாதீர்கள், லென்ஸில் பனி படர்ந்திருக்கும். காற்றூதி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாக ஒரு தடவை. வட்டை நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது.

கேள்விக்குறியாகும் தமிழ்

சிடி திறக்கிறது, ஆனால் கோப்பின் பெயரெல்லாம் ???? என்று வருகிறதா? இதுவும் கோளாறு இல்லை. விண்டோஸில் எழுதிய சிடியில் 'ஜோலியட்' முறையில் தமிழ்ப் பெயர்கள் யூனிகோடில் சரியாகவே இருக்கும். மவுண்ட் செய்யும்போது எழுத்துத் தொகுதி யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் 'பாட்டி கதை' 'பாட்டி கதை'யாகவே தெரியும்.

டிவிடியில் இன்னொரு வம்பு உண்டு, அது நம்மைப் போல ஊர் மாறியவர்களுக்கு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ரீஜன் 5, வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் 2, சிங்கப்பூருக்கு 3, அமெரிக்காவுக்கு 1. டிரைவின் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம். ஆறாவது மாற்றத்துக்கு இடமில்லை. படத்துக்குப் போட்ட இந்தப் பூட்டை 1999-ல் உடைத்த மென்பொருளோடு சம்பந்தப்பட்ட நார்வேப் பையன் ஜான் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. வழக்கு நடந்து 2003-ல் விடுதலையானார். நம் கல்யாண டிவிடிகளில் பொதுவாக இந்தப் பூட்டு இருக்காது, கவலை வேண்டாம்.

இன்னும் நேரம் இருக்கிறது

என் அக்கா பையன் கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் வழியில் லினக்ஸில் ஐ.டி. படித்தவன். என் அம்மாயி பேசிய சிடி கீறலாகி எந்த டிரைவிலும் ஓடவில்லை என்றபோது அவன்தான் போனில் வழி சொன்னான். 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள், 2004-ல் வந்தது. படிக்க முடிந்த இடத்தை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு கோப்பில் குறித்துவைக்கும். அதே குறிப்பை வைத்து வேறு டிரைவில் விட்ட இடத்தை மட்டும் தொடரலாம். ஒரு டிரைவுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரியும். மூன்று டிரைவ் மாற்றி, இரண்டு ராத்திரி ஓடி, நாற்பது நிமிடப் பேச்சில் மூன்று நிமிடம் தவிர எல்லாம் வந்துவிட்டது. (இது கோப்பாக எழுதிய சிடிக்கு. பாட்டு சிடிக்கு 'சிடிபாரனாய்யா' என்று தனி மென்பொருள் உண்டு.)

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் போனார்கள், அநேகமாக எல்லாரும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மலையில் ஒரு வீட்டின் ஞாபகங்கள் ஒரே அலமாரியில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்கு உறைத்தது. ஊரை விட்டு வந்த நம்மால் செய்ய முடிந்தது, இன்னொரு பிரதியை இங்கே வைத்திருப்பது.

கேரளப் பள்ளிகளுக்கு இப்போது லினக்ஸ் தருவது 2017-ல் 'கைட்' ஆகிவிட்ட அதே ஐ.டி. அட் ஸ்கூல்தான். சிடியின் வேலையைப் பென் டிரைவ் எடுத்துக்கொண்டது. வெளியில் செருகும் யூஎஸ்பி டிவிடி டிரைவ் இன்னமும் கடையில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.