அச்சேறிய “நான்”

தமிழின் தொன்மையைப் பேசுவதில் நம்மவர்க்கு நிகர் நம்மவரே. ஒரு மேடை கிடைத்தால் போதும்; மூன்று சங்கங்களும் கடல்கொண்ட நாடும் அழையாமலே வந்து நிற்கும். ஆனால், தோட்டத்து வாசகசாலையிலும் பட்டணத்துப் புத்தகக் கடையிலும் நம் மக்கள் கைநீட்டி எடுக்கும் நூல்கள் எவை? ஒரு நாவல், ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதியது, குழந்தைக்கு ஒரு கதைப் புத்தகம். இம்மூவகையும் தமிழில் அச்சுநூல்களாகப் பரவியது பெரும்பாலும் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்தான். தொன்மையைப் பாடும் நாக்கு இந்த இளமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லுவதில்லை. எனக்கோ, இவ்விளமையின் வரலாற்றில்தான் நாம் கேட்கவேண்டிய வழக்கொன்று இருப்பதாகத் தோன்றுகிறது.

பழைய காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்பது இலக்கண விதி. மலையும் நாடும் வளநகரும் வருணித்து முடித்த பிறகே அவன் வருவான். உழுதவனும் நெய்தவனும் குப்பை கூட்டியவளும் அங்கே வந்தால் வருணனைக்கு அழகு செய்வதற்காக வருவார்கள். “நான் இன்னான், இன்ன ஊரில் பிறந்தேன், எனக்கு இது நேர்ந்தது” என்று ஒருவன் உரைநடையில் எழுதுவதும், அதனை முன்பின் அறியாத மற்றொருவன் காசு கொடுத்து வாங்கிப் படிப்பதும் புதிய வழக்கங்கள். அந்த “நான்” என்னும் உரிமை எவருக்கு முன்னே கிடைத்தது, எவர் கதவுக்கு வெளியே நின்று காத்திருந்தார் என்பதை ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் அறியலாம்.

தமிழின் முதல் நாவல் என்று எல்லோரும் ஒப்பும் “பிரதாப முதலியார் சரித்திரம்” 1879இல் வெளிவந்தது. இயற்றியவர் மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையை நீக்கவே இதை எழுதியதாக அவர் முன்னுரையில் சொல்லுகிறார். கதையை நடத்திச் செல்பவன் பிரதாப முதலியே. நூல் முழுதும் “நான்”, “என் பாட்டனார்”, “என் மனைவி” என்றே போகிறது. அதாவது, தமிழ் நாவல் பிறந்தபோதே சுயசரிதையின் வேடம் பூண்டு பிறந்தது! நூலில் கட்டுக்கோப்பு மிகத் தளர்ச்சி. கதை பாதியில் நிற்க, கிளைக்கதை வந்து குந்திக்கொள்ளும். அது எழுந்து போக ஒரு நீதி வரும். ஆயினும் அந்த நகைச்சுவையை இன்றும் வாய்விட்டுச் சிரித்துப் படிக்கலாம். கதாநாயகி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியில் அரசு செலுத்துகிறாள். கணவனைவிட அவளே அறிவிலும் துணிவிலும் மேம்பட்டவள். பெண்கல்விக்காகப் பாட்டும் உரையும் எழுதிய ஆசிரியர், பெண்ணுக்கு அரியணையைக் கொடுத்தார். ஆனால், கதை சொல்லும் “நானை” மட்டும் கொடுக்கவில்லை. அது பிரதாபனிடமே இருந்துவிட்டது.

“விவேக சிந்தாமணி” என்னும் மாதப் பத்திரிகையில் 1893 முதல் ராஜம் ஐயர் தொடராக எழுதிய “கமலாம்பாள் சரித்திரம்” கலைத்திறத்தில் முன்னதைக் கடந்து சென்றது. அக்கிரகாரத்து வம்புப் பேச்சை அவரைப்போல் எழுதினவர் இன்றும் சிலரே. பிற்பாதியில் வேதாந்தம் கதையை மூடிவிடுகிறது என்பது என் குறை. அவர் 26 வயதிலேயே, 1898இல், மறைந்தார்.

நம் வழக்குக்கு முக்கியமானவர் அவரோடு ஒரே ஆண்டில், 1872இல், பிறந்த மாதவையா. “பத்மாவதி சரித்திரம்” எழுதியவர் என்றே பலரும் அவரை அறிவர். அவருடைய “முத்துமீனாட்சி” என்னும் சிறு நூலை நம் இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். 1892இல் “சாவித்திரி சரித்திரம்” என்ற பெயரில் “விவேக சிந்தாமணி”யில் அது தொடங்கி, இடையிலே நின்றுபோயிற்று. 1903இல் புத்தகமாக வந்தது. பார்ப்பனக் குடும்பத்துப் பெண்ணொருத்தி, சிறுவயதில் மணமாகி, மாமியார் வீட்டில் அல்லலுற்று, விதவையாகி, முடிவில் மறுமணம் செய்துகொள்கிறாள். மறுமணக் கதை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கதை முழுவதையும் அவளே “நான்” என்று சொல்லுகிறாள். எழுதியவர் ஆண்தான், ஆதலின் இது இரவல் வாங்கிய குரல். எனினும், விதவையைப் பற்றி ஊரார் பேசியதே வழக்கமாயிருந்த காலத்தில், ஊராரைப் பற்றி விதவை பேசுவதாக ஒரு நூல் அச்சேறியது சிறு காரியமன்று.

இரவல் குரல் சொந்தக் குரலாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1883இல் பிறந்தவர். தேவதாசி முறைக்குள் வளர்க்கப்பட்டு, அதனை உதறி வெளியே வந்து, அதன் வேரை அறுக்க ஊர் ஊராய்ப் பேசியவர். அவர் 1936இல் “தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்” என்னும் நாவலை வெளியிட்டார். இலக்கியச் சுவை தேடுவோர் அதில் பிரசங்கம் மிகுதி என்பர். மிகுதிதான். ஆனால், அந்தத் தெருவில் வளராத எவரும் எழுதமுடியாத நுணுக்கம் அந்நூலில் உண்டு: தாய் மகளுக்குக் கற்பிக்கும் தந்திரம், மைனர்களின் பணம் கரையும் விதம், கோயில் மரியாதை என்ற பெயரால் நடக்கும் வியாபாரம். தேவதாசிகளாகப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியபோது அந்நூலுக்கு வயது பதினொன்று.

நிற்க. நாவல் வேடத்தில் வந்த “நானை” இதுவரை கண்டோம். வேடமில்லாத “நான்” எப்போது வந்தது?

மிக முன்னரே வந்துவிட்டது. ஆனால் வெளியே வரவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, யார் யாரிடம் லஞ்சம் கேட்டார், கவர்னரின் மனைவி என்ன சொன்னாள், தமக்கு எவ்வளவு மரியாதை நடந்தது—எல்லாம் பேச்சுத் தமிழில். அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் 1846இல்தான் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கண்ணில் அது பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்து முடிந்தது. தமிழ் மூலம் தொகுதிகளாக அச்சேறியது அதற்கும் பின்னர். தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழன் படிப்பதற்கு முன் வெள்ளையர் படித்து முடித்தனர்!

இருபதாம் நூற்றாண்டில் பாரதியார் 1910இல் தம் கதையைச் செய்யுளாக எழுதினார். வ.உ.சிதம்பரம் பிள்ளை தம் சுயசரிதையை அகவலாகவே பாடினார். அது நூலாக வந்தது 1946இல், அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின். தன்னைப் பற்றி உரைநடையில் எழுதுவது தற்பெருமை என்ற கூச்சம் இவர்களுக்கும் இருந்ததோ என்னவோ! அக்கூச்சத்தைப் போக்கியது உ.வே.சாமிநாத ஐயரின் “என் சரித்திரம்” என்று பொதுவாகச் சொல்லுவர். அது 1940 முதல் 1942 வரை “ஆனந்த விகட”னில் வாரந்தோறும் வந்தது, ஆசிரியர் மறையவே, நிறைவு பெறாமல் நின்றது, 1950இல் புத்தகமாயிற்று. பெருநூல்தான், ஐயமில்லை. தம் பெயரைத் தலைப்பில் போட்டுக்கொண்டு, தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தையே பாதி நூலுக்குச் சொல்லிய அடக்கம் எவருக்கு வரும்?

ஆனால் அதற்கு ஓராண்டு முன்னர், 1939இல், மெல்லிய நூலொன்று வெளிவந்தது. பெயர் “ஜீவிய சரித்திர சுருக்கம்”. எழுதியவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் “பறையன்” என்னும் பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர். 1930இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர். அவர் கோயமுத்தூரில் படித்தபோது, தம் சாதி வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி, பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே தனித்திருந்து படிப்பாராம். மாலையில் மற்ற மாணவர் தம்மோடு சேர்ந்துகொள்ளாதபடி விரைவாக நடந்து வீடு சேர்ந்துவிடுவாராம். விளையாடவேண்டிய வயதில் விளையாடாமல் இருந்ததை அவர் சில வரிகளில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். அச்சில வரிகளைப் படித்தபின் பெரிய சரித்திரங்கள் பலவற்றின் அலங்காரம் எனக்குச் சுவைக்கவில்லை. ஒருவருக்குப் பெரும்புத்தகம், மற்றொருவருக்குச் “சுருக்கம்”. இத்தகைய வாழ்விலிருந்து ஒரு பெண் எழுதிய தன்கதையான பாமாவின் “கருக்கு” வெளிவர 1992 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குழந்தைகளின் கதை வேறு. அவர்களுக்காகப் பேசாதவரே இல்லை. அவர்களைப் பேசவிட்டவரைத்தான் தேடவேண்டும். ஆத்திசூடி தொடங்கி எல்லாம் ஏவலும் விலக்குமே. ஆறுமுக நாவலர் 1850-51இல் பாலபாடங்களை அச்சிட்டது பெரும்பணி; ஆனால் அவற்றைக் கையில் எடுக்கும் பிள்ளை சிரிக்கமாட்டான். பிள்ளைகள் சிரித்த புத்தகம் ஒன்று உண்டு: வீரமாமுனிவரின் “பரமார்த்த குரு கதை”. 1822இல் லண்டனில் அச்சான அது குழந்தைகளுக்காக எழுதப்பட்டதன்று. ஐரோப்பியப் பாதிரிமார் பேச்சுத் தமிழைப் பழகுவதற்காக எழுதப்பட்டது. பிள்ளைகள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். பாரதியாரின் “பாப்பா பாட்டு” 1915இல் வந்தது. அதுவும் கட்டளைதான், ஆனால் கொஞ்சிக்கொண்டே இடும் கட்டளை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் “மலரும் மாலையும்” 1938இல் வந்தபோது பசுவும் கன்றும் கிளியும் குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கின. வங்கியில் வேலை பார்த்த அழ. வள்ளியப்பா 1944இல் “மலரும் உள்ளம்” வெளியிட்டார். குழந்தை தன் மகிழ்ச்சியைத் தானே சொல்லும் பாட்டு அவரிடமே பெருகிற்று.

இதுகாறும் கூறியவை தாய்நாட்டுச் செய்திகள். இந்நூல்கள் கப்பலேறி இங்கு வந்தன. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் விலைக்குக் கிடைத்தன. இங்கே எழுதப்பட்டவை யாவை?

சிங்கப்பூரில் மகதூம் சாயபு 1887 முதல் 1890 வரை “சிங்கை நேசன்” என்னும் வாரப் பத்திரிகையை நடத்தினார். அதில் அவர் எழுதிய “விநோத சம்பாஷணை”, பெயருக்கேற்ப, உரையாடல்களாகவே அமைந்தது. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் வெங்கடரத்தினத்தின் “கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி” 1917இல் வந்தது. அக்காலத்து நூல்கள் பெரும்பாலும் இங்கே அச்சாயின; ஆனால் அவற்றின் மனம் தாய்நாட்டிலேயே இருந்தது. எழுதியவர் பட்டணத்தார், பால்மரக் காட்டில் விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து நின்றவன் எழுத்தறியாதவன்.

ஏன் அறியாதவனாயிருந்தான்? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேருக்கு மேல் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923இல் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் ஆசானானார். லயத்தின் ஒரு மூலையோ ஆயக்கொட்டகையோ பள்ளியாயிற்று. பாடநூல்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தன. ரம்பூத்தான் மரத்தடியில் அமர்ந்த பிள்ளை தான் கண்டறியாத ஆற்றையும் வயலையும் பற்றி உரக்கப் படித்தான். தன் வீட்டையும் தன் தாய் கட்டும் தலைத்துணியையும் அவன் ஒரு புத்தகத்திலும் பார்க்கவில்லை. இவ்வளவையும் மீறி எழுத்து முளைத்தது. 1950இல் “தமிழ் நேசன்” கதை வகுப்பு நடத்திற்று. 1950-களில் “தமிழ் முரசு” மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கே பக்கம் ஒதுக்கிற்று. அப்பக்கத்தில் எழுதிப் பழகியவர் பலர் பின்னர் இந்நாடுகளின் எழுத்தாளராயினர். பெரியவர்கள் குழந்தைக்கு எழுதுவதோடு நில்லாமல் குழந்தையே எழுதிய இடம் அது.

ஆயினும் நம் வரலாற்றில் மிகப் பெரிய துன்பம் நிகழ்ந்தபோது எழுதும் கை நம்மிடம் இல்லை. 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டனர். அதே பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் நாட்குறிப்பு எழுதினர், படம் வரைந்தனர். மீண்டபின் நினைவு நூல்களை அடுக்கடுக்காக வெளியிட்டனர். காஞ்சனபுரியில் நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. நம்மவர்க்கு அத்தகைய வரிசை இல்லை; புத்தக அலமாரியிலும் இல்லை. மீண்டு வந்தவன் மறுபடி பால்வெட்டுக் கத்தியை எடுத்தான். கேட்டவர்க்குக் கதையாகச் சொன்னான். சொன்னதைக் கேட்ட தலைமுறையிலிருந்து ஆர். சண்முகத்தின் “சயாம் மரண ரயில்” 1990-களில் வந்தது, அ. ரெங்கசாமியின் “நினைவுச்சின்னம்” அதன் பின் வந்தது. இரண்டும் நாவல்கள். பிரதாப முதலி இல்லாத வாழ்வுக்குச் சுயசரிதை வேடமிட்டான். இங்கே நடந்த வாழ்வு நாவல் வேடமிட்டு வந்தது.

சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் அரசாங்கப் பிரிவு தொடங்கிற்று. அங்கே முதியோர் பலரின் பேச்சு ஒலிநாடாக்களில் பதிவாயிற்று. தமிழில் பேசியவரும் அவர்களுள் உண்டு. ஒருவர் கேட்கிறார், மற்றவர் சற்று யோசித்து, “நான் பொறந்தது…” என்று தொடங்குகிறார்.