முகநரம்பு இழுப்புக்கான சத்திரசிகிச்சை: ஒரு வரலாற்று நோக்கு

நோயைத் தீர்க்கும் பொருட்டு உறுப்பின் தொழிலையே அழித்தல் மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவிய வழியாகும். அவ்வழியினின்று, உறுப்பை விடுவித்து நோயை நீக்கும் வழிக்கு மருத்துவம் வந்த வகையினை முகத்தின் ஒருபக்க இழுப்புக்கான சத்திரசிகிச்சை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

இந்நோய் பெரும்பாலும் நடுத்தர வயதிற் கண்ணிமைத் துடிப்பாகத் தொடங்கிக் கன்னத்துக்கும் வாய்க்கோணத்துக்கும் பரவும். நித்திரையிலும் முற்றாக ஓய்வதில்லை. உயிருக்கு ஆபத்து விளைப்பதன்று. ஆயினும் வாசித்தலையும், தொழில் புரிதலையும், பிறரோடு முகங்கொடுத்துப் பேசுதலையும் அரிதாக்கிவிடும்.

காரணம் பற்றிய முதற் சான்று சத்திரசிகிச்சைக் கூடத்தில் அன்றி, பிரேத பரிசோதனையிலேயே கிடைத்தது. 1875இல் ஜேர்மனிய வைத்தியர் பிரீட்றிக் சூல்ற்ஸ, இவ்விழுப்பால் வருந்திய ஒருவரின் மூளையடியில் நாடி வீக்கமொன்று முகநரம்பை அழுத்தியிருந்ததைக் கண்டார். 1905இல் பாரிஸ் நகரத்துப் பபின்ஸ்கி இந்நோயை ஏனைய முக அசைவுகளினின்றும் வேறுபடுத்தி விளக்கினார். எனினும், இவ்வறிவு உடனடியாகச் சிகிச்சையாக மாறவில்லை. நரம்பை வெட்டுதல், கிளைகளை அறுத்தல், மதுசாரம் ஏற்றுதல் என்பனவே கையாளப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நகரத்து றொபேட் கெனடி முகநரம்பை வெட்டி, தோளை இயக்கும் நரம்போடு இணைத்தார். இத்தகைய முறைகளால் இழுப்பு நீங்கினும், நோயாளர் முகத்தளர்ச்சியை விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

1962இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த காட்னரும் சாவாவும் இந்நோய் மீளக்கூடிய ஒரு நிலையே என வாதிட்டனர். நரம்பு கெட்டுவிடவில்லை, அமுக்கப்பட்டுள்ளது என்னும் இக்கருத்துக்கு உரிய கருவியும் அக்காலத்திலேயே கிட்டியது. 1957இல் லொஸ் ஏஞ்சலிசில் தியோடோர் கேர்ஸ் நுணுக்குக்காட்டியை மூளைச் சத்திரசிகிச்சையிற் புகுத்தியிருந்தார். அக்கருவியின் துணையோடு பீற்றர் ஜனெற்றா, மூளைத்தண்டினின்று முகநரம்பு வெளிப்படும் இடத்தை ஆராய்ந்தார். நரம்பின் மீது துடிக்கும் நாடி வளைவை விலக்கி, இரண்டுக்குமிடையே மெத்தைபோன்ற பொருளொன்றை வைப்பதே அவரது முறை. நரம்பு வெட்டப்படுவதில்லை. 1977இல் 47 நோயாளரின் பெறுபேறுகளை அவரது குழுவினர் வெளியிட்டனர். 1995இல் வெளியான, எழுநூற்றுக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வு, பத்தாண்டுகளின் பின்னும் 84 சதவீதத்தினர் மிகச்சிறந்த பயன் பெற்றிருந்ததைக் காட்டியது. சிலர் அப்பக்கச் செவிப்புலனை இழந்தமையும் அதிற் பதிவாகியுள்ளது.

இம்முறைக்கு எதிர்ப்பும் இருந்தது. இழுப்பு இல்லாதோரிடத்தும் நாடி நரம்பைத் தொட்டிருத்தல் உண்டென்பது தகுதியான வினாவே. கோளாறு அமுக்கப்பட்ட இடத்திற் பிறக்கின்றதா, மூளைத்தண்டிலுள்ள நரம்புக் கருவிற் பிறக்கின்றதா என்னும் விவாதமும் எழுந்தது. சிகிச்சையின் வெற்றி கோட்பாட்டின் முழுநிறைவான நிரூபணம் ஆகாது என்பதை நாம் இங்கு கருத்திற்கொள்ள வேண்டும்.

1989இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பொற்றுலினம் நச்சு ஊசி கத்தியின்றி இழுப்பைத் தணிக்கின்றது. ஆயின் அதன் பயன் சில மாதங்களே நிலைப்பதால் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். சத்திரசிகிச்சை காரணத்தைத் தீண்டுகின்றது. ஆனால் நுணுக்குக்காட்டியையும் பயிற்சிபெற்ற குழுவினரையும் வேண்டி நிற்கின்றது. இரண்டும் பொருள்வசதியையும் மருத்துவ நிலையத்துக்கான தூரத்தையும் சார்ந்தவை. சூல்ற்ஸயின் கண்டுபிடிப்புக்கும் ஜனெற்றாவின் வெளியீட்டுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்தது. அவ்வறிவு வசதியற்ற நோயாளரைச் சென்றடையும் காலத்தைத் தீர்மானிப்பது விஞ்ஞானம் மட்டுமன்று, சமூக அமைப்புமாகும்.